ரீஃபண்ட் எங்கே நிற்கிறது?

ஒரு நிதியாண்டில் கட்ட வேண்டிய வரியைவிடக் கூடுதலான தொகை ஒருவரிடமிருந்து போயிருந்தால், அந்த மிகுதியை வருமான வரித் துறை திருப்பித் தருகிறது. ரீஃபண்ட் எனப்படுவது இதுதான். முதலீட்டுச் சான்றுகளை அலுவலகத்தில் காலத்தோடு கொடுக்காத சம்பளக்காரர், வரி பிடிக்க வேண்டாம் என்று கோரும் 15எச் படிவத்தை வங்கியில் கொடுக்க மறந்ததால் வைப்புத்தொகை வட்டியில் 10 சதவீதம் டி.டி.எஸ். (வருமானம் கைக்கு வருமுன்னே பிடிக்கும் வரி) பிடிக்கப்பட்ட ஓய்வூதியர், நிறுவனங்களிடமிருந்து வாங்கும் கட்டணத்தில் வரி பிடித்தம் போக மிச்சத்தைப் பெறும் மருத்துவர், முன்வரியைச் சற்றுக் கூடுதலாகக் கணித்துக் கட்டிவிட்ட வியாபாரி என ரீஃபண்டுக்கு உரியவர்கள் பல தரப்பினர். எவராக இருந்தாலும் வழி ஒன்றுதான்: வரிக் கணக்கு தாக்கல் செய்து கேட்க வேண்டும். கேட்காதவருக்குத் துறை தானாக அனுப்புவதில்லை.

கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்கும் பணம் வங்கியில் விழும் நாளுக்கும் இடையில் அந்தக் கணக்கு சில படிகளைக் கடக்கிறது. படிக்குப் படி இணையதளத்தில் ஒரு தகவல் மாறுகிறது. சில தகவல்கள் கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் வருகின்றன. ஆங்கிலத்தில் நாலைந்து சொற்களே கொண்ட இந்தத் தகவல்களில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. கணக்கு இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பது ஒன்று. அடுத்த வேலை யாருடையது என்பது இன்னொன்று. துறையின் வேலை பாக்கி என்றால் காத்திருக்கலாம். கணக்குக் கொடுத்தவரின் வேலை பாக்கி என்றால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் பணம் வராது. ரீஃபண்ட் மாதக்கணக்கில் இழுபடுவதற்கு, இந்த இரண்டாவது நிலையை முதல் நிலை என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவதும் ஒரு முக்கியக் காரணம்.

எங்கே பார்ப்பது?

வருமான வரித் துறையின் இப்போதைய மின்-தாக்கல் தளம் 2021 ஜூன் 7 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைந்து, 'ஈ-ஃபைல்' என்ற தலைப்பின் கீழ் 'வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்' பகுதிக்குப் போனால், ஆண்டுவாரியாகத் தாக்கல் செய்த கணக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் தாக்கல் செய்த தேதி, சரிபார்த்த தேதி, பரிசீலனை நிலை, முடிவு ஆகியவை தெரியும். உள்ளே நுழையாமல் பார்க்க விரும்புவோர், முகப்புப் பக்கத்தில் ஒப்புகைச் சீட்டின் 15 இலக்க எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கொடுத்து நிலையை மட்டும் அறியலாம்.

ஆண்டைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஈட்டிய வருமானம், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி 2025-26 என்ற மதிப்பீட்டு ஆண்டின் கீழ் வருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டம், இந்த இரட்டை ஆண்டு முறையை விட்டுவிட்டு 'வரி ஆண்டு' என்ற ஒரே கணக்கைக் கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், அந்தக் கணக்குகள் தொடர்பான கடிதங்களில் பழைய பிரிவு எண்களே தொடர்கின்றன. இனி வரும் பிரிவு எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தவை.

முதல் படி: சரிபார்ப்பு

'பெண்டிங் ஃபார் ஈ-வெரிஃபிகேஷன்' என்ற தகவல் இருந்தால், கணக்கு இன்னும் துறையின் கைக்குப் போகவில்லை என்று பொருள். தாக்கல் செய்த பிறகு, இது தன்னுடைய கணக்குதான் என்று ஒருவர் உறுதிசெய்தாக வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. இதற்கு எளிய வழி. நெட்பேங்கிங், வங்கிக் கணக்கு அல்லது டீமேட் கணக்கு வழியாகப் பெறும் குறியீடு ஆகியவையும் உண்டு. இவை எதுவும் இயலாதவர், ஐ.டி.ஆர்.-வி என்ற ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பெங்களூருக்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம்.

இதற்கான கெடு முன்பு 120 நாட்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் அது 30 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. தபாலில் அனுப்புவோரின் படிவம் அந்த 30 நாட்களுக்குள் பெங்களூருக்குப் போய்ச் சேர வேண்டும். கெடு கடந்து சரிபார்த்தால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். அந்த நாள் கடைசித் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டியவருக்கு 5,000 ரூபாய் வரையிலும், மற்றவர்களுக்கு 1,000 ரூபாய் வரையிலும் தாமதக் கட்டணம் விழும். சரிபார்க்கப்படாமலே கிடக்கும் கணக்கு, தாக்கல் செய்யாததற்குச் சமம். ரீஃபண்ட் கேட்டு ஒரு வருடமாகக் காத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெங்களூரில் நடப்பது

சரிபார்ப்பு முடிந்ததும் 'சக்ஸஸ்ஃபுலி ஈ-வெரிஃபைடு' என்றும், பின்னர் 'அண்டர் பிராசஸிங்' என்றும் தகவல் மாறுகிறது. இப்போது கணக்கு பெங்களூரில் உள்ள மத்தியப் பரிசீலனை மையத்தில் இருக்கிறது. சி.பி.சி. என்று ஆடிட்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த மையம் 2009இல் தொடங்கப்பட்டது. நாட்டின் எந்த ஊரிலிருந்து தாக்கல் செய்தாலும் கணக்கு முதலில் இங்கேதான் போகிறது. கணக்கில் எழுதிய தொகைகளை, வரி பிடித்தவர்கள் கொடுத்த விவரங்களோடும் வங்கிகளில் கட்டிய வரியோடும் கணினி ஒப்பிடுகிறது. கூட்டல் கழித்தல் சரியா, கேட்ட கழிவு சட்ட வரம்புக்குள் இருக்கிறதா, பழைய வரிமுறையா புதிய வரிமுறையா என்ற தேர்வுக்கும் கேட்ட கழிவுகளுக்கும் பொருத்தம் உண்டா என்பனவற்றையும் பார்க்கிறது. பெரும்பாலான கணக்குகளை அதிகாரி எவரும் தொடுவதே இல்லை.

ஒரு கணக்கைப் பரிசீலிக்கச் சராசரியாக 2013-14இல் 93 நாட்கள் ஆனதாகவும், அது 10 நாட்களாகக் குறைந்துவிட்டதாகவும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட் உரையில் கூறினார். இது சராசரிக் கணக்கு. சம்பளமும் வட்டியும் மட்டுமே கொண்ட ஐ.டி.ஆர்.-1 படிவம் சில நாட்களில் முடிந்துவிடுவதுண்டு. பங்கு விற்ற லாபம், வெளிநாட்டுச் சொத்து, தொழில் வருமானம், முந்தைய ஆண்டு நஷ்டம் ஆகியவை கொண்ட படிவங்களுக்குக் கூடுதல் காலம் பிடிக்கிறது. கடைசி வாரத்தில் லட்சக்கணக்கில் குவியும் கணக்குகளோடு சேர்ந்து போன கணக்கும் வரிசையில் பின்தங்கும். சில ஆண்டுகளில் படிவங்களும் மென்பொருளும் வெளிவருவதே தாமதமாகிறது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் ஜூலை 31 என்ற வழக்கமான கெடு செப்டம்பர் 15க்கும், பின்னர் 16க்கும் தள்ளிப்போனது. எனவே பரிசீலனையும் ரீஃபண்டும் பிந்தின.

சட்டம் துறைக்குக் கொடுத்திருக்கும் அவகாசம் இதைவிட மிக நீளமானது. கணக்கு தாக்கலான நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் பரிசீலனை முடிவைத் தெரிவித்தால் போதும். 2025 செப்டம்பரில் தாக்கல் செய்த கணக்கு 2025-26 நிதியாண்டில் வருகிறது. அந்த ஆண்டு 2026 மார்ச் 31இல் முடிகிறது. ஆகவே முடிவை 2026 டிசம்பர் 31 வரை அனுப்பலாம். 'அண்டர் பிராசஸிங்' என்ற தகவல் மூன்று நான்கு மாதம் அப்படியே நின்றாலும் கெடு மீறப்பட்டதாகச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

143(1) கடிதத்தைப் படிப்பது

பரிசீலனை முடிந்ததும் தகவல் 'பிராசஸ்டு' என்று மாறும். 143(1) பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். கோப்பைத் திறக்கப் பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கங்களில் சேர்க்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கண்டதும் நோட்டீஸ் வந்துவிட்டது என்று பதறுவோர் உண்டு. கணக்கு தாக்கல் செய்த எல்லாருக்கும் வரும் வழக்கமான அறிக்கைதான் இது.

உள்ளே முக்கியமான பகுதி ஓர் அட்டவணை. அதில் அருகருகே இரண்டு பத்திகள் இருக்கும். இடப்புறம் கணக்குக் கொடுத்தவர் எழுதிய தொகை. வலப்புறம் துறை கணக்கிட்ட தொகை. சம்பளம், வாடகை, பிற வருமானம், கழிவுகள், மொத்த வருமானம், வரி, டி.டி.எஸ்., முன்வரி என்று வரிசைகள் கீழே இறங்கும். இரண்டு பத்திகளிலும் எண்கள் எந்த வரிசையில் முதன்முதலாக வேறுபடுகின்றன என்று பார்த்தால் காரணம் பிடிபட்டுவிடும். மொத்த வருமானம் வரை ஒத்துப்போய் டி.டி.எஸ். வரிசையில் மட்டும் வலப்புறம் குறைந்திருந்தால், பிடித்த வரி துறையின் பதிவில் ஏறவில்லை. கழிவு வரிசையில் வலப்புறம் சுழியம் இருந்தால், புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு 80சி போன்ற கழிவைக் கேட்டிருக்கக்கூடும்.

கடிதத்தின் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். 'நோ டிமாண்ட் நோ ரீஃபண்ட்' என்றால் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ரீஃபண்ட் கேட்டவருக்கு இந்தத் தகவல் வந்தால், கேட்ட தொகை ஏற்கப்படவில்லை என்று பொருள். 'டிமாண்ட் டிட்டர்மின்ட்' என்றால் துறையின் கணக்குப்படி இன்னும் வரி பாக்கி. 'ரீஃபண்ட் டிட்டர்மின்ட்' என்றால் கொடுக்க வேண்டிய தொகை முடிவாகிவிட்டது.

இத்தோடு அந்த ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டதாகவும் கொள்ள முடியாது. கணக்கு தாக்கலான நிதியாண்டு முடிந்து மூன்று மாதங்கள் வரை, விரிவான ஆய்வுக்கான 143(2) நோட்டீஸ் அனுப்பத் துறைக்கு அதிகாரம் உண்டு. ரீஃபண்ட் வந்த பிறகும் ஆதாரங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கணக்கு எங்கே சிக்குகிறது?

தாமதத்துக்கு மிகவும் சாதாரணமான காரணம் டி.டி.எஸ். பொருத்தமின்மை. நிறுவனம் வரியைப் பிடித்தால் மட்டும் போதாது; காலாண்டுக்கு ஒருமுறை அதற்கான அறிக்கையைச் சரியான பான் எண்ணோடு தாக்கல் செய்ய வேண்டும். அப்போதுதான் அது, ஒருவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் ஏறும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்குக் கெடு மே 31. ஏப்ரல், மே மாதங்களிலேயே அவசரமாகக் கணக்கு கொடுப்போருக்குக் கடைசிக் காலாண்டின் பிடித்தம் பதிவில் இல்லாமல் போவது இதனால்தான். ஜூன் நடுவில் அலுவலகம் தரும் படிவம் 16 கைக்கு வந்ததும், 26ஏஎஸ்-ஐயும் 2021 நவம்பரில் அறிமுகமான ஏ.ஐ.எஸ். எனும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் வைத்து ஒத்துப்பார்த்துத் தாக்கல் செய்வது நல்லது. பிடித்த வரி பதிவில் இல்லையென்றால், அறிக்கையைத் திருத்தும் வேலை வரி பிடித்தவருடையது. அலுவலகத்தின் அல்லது வங்கியின் கணக்குப் பிரிவில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

'டிஃபெக்டிவ்' என்பது அடுத்தது. 139(9) பிரிவின் கீழ் கணக்கில் குறைபாடு இருப்பதாகத் துறை சொல்கிறது. டி.டி.எஸ்.ஸைத் திரும்பக் கேட்டுவிட்டு, அந்த வரி எந்த வருமானத்தில் பிடிக்கப்பட்டதோ அதைக் கணக்கில் காட்டாமல் விடுவது இதற்கு வழக்கமான உதாரணம். பதிலளிக்க 15 நாட்கள் அவகாசம், நீட்டிப்பும் கேட்கலாம். பதில் போகாவிட்டால் கணக்கே செல்லாததாகிவிடும், ரீஃபண்டும் அதோடு போகும்.

143(1)(ஏ) பிரிவின் கீழ் வரும் கடிதம் வேறு வகை. கணக்கில் இன்ன மாற்றம் செய்யப் போகிறோம், ஆட்சேபம் உண்டா என்று கேட்பது அது. 30 நாட்களுக்குள் சம்மதம் அல்லது மறுப்பைத் தளத்திலேயே தெரிவிக்க வேண்டும். மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டு, மாற்றம் செய்த கணக்கின்படியே முடிவு வரும்.

பழைய பாக்கி இருந்தால் 245ஆம் பிரிவு குறுக்கே வருகிறது. முந்தைய ஏதோ ஓர் ஆண்டில் வரி பாக்கி இருப்பதாகப் பதிவு இருந்தால், இந்த ஆண்டு ரீஃபண்டை அதில் கழித்துக்கொள்ளத் துறைக்கு உரிமை உண்டு. கழிப்பதற்கு முன் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். 'ஃபுல் ரீஃபண்ட் அட்ஜஸ்டட்' என்றால் முழுவதும் கழிக்கப்பட்டது. 'ரீஃபண்ட் பார்ஷியலி அட்ஜஸ்டட்' என்றால் மிச்சம் வரும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பணம் வந்ததும் திகைப்பவர், கடிதத்தின் இந்தப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். பாக்கி உண்மைதானா என்பதே முக்கியக் கேள்வி. கட்டிய வரிக்கான செலான் பதிவாகாததால் மட்டுமே பாக்கியாகத் தொங்குபவை இருக்கின்றன. 'பெண்டிங் ஆக்ஷன்ஸ்' பகுதியில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்ற இடத்தில் மறுப்பைப் பதிவுசெய்து செலான் விவரத்தை இணைக்கலாம். மறுப்பு வந்தால் மதிப்பீட்டு அதிகாரி 21 நாட்களுக்குள் தன் நிலையைச் சொல்ல வேண்டும் என்று துறை 2022இல் உத்தரவிட்டது. கையால் எழுதிய பதிவேட்டுக் காலத்துச் சிறு பாக்கிகள் நிறைய இருந்ததால், 2024 இடைக்கால பட்ஜெட்டில் ஒரு சலுகை வந்தது. 2009-10 நிதியாண்டு வரையிலான பாக்கிகளில் 25,000 ரூபாய் வரையிலும், 2010-11 முதல் 2014-15 வரையிலானவற்றில் 10,000 ரூபாய் வரையிலும் உள்ளவற்றைத் துறை கைவிட்டது. ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் என்பது உச்சவரம்பு.

கடைசியாக, சந்தேகத்தின் பேரில் நிறுத்தி வைக்கப்படும் ரீஃபண்டுகள். ஒருவரின் வருமானத்துக்குப் பொருந்தாத அளவில் வீட்டு வாடகைப்படி, நன்கொடை, மருத்துவச் செலவு, கல்விக்கடன் வட்டி போன்றவற்றைக் கழிவாகக் கேட்டால் கணினி சந்தேகக் குறி போட்டுவிடுகிறது. போலிக் கழிவுகள் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கமிஷன் பார்த்த இடைத்தரகர்களைத் தேடி, 2025 ஜூலையில் நாடு முழுக்க 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. அதில் தமிழ்நாடும் அடங்கும். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாகவே 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளை விலக்கிக்கொண்டதாகவும் துறை தெரிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், ரீஃபண்ட் கோரிக்கையில் முரண்பாடு இருப்பதால் பரிசீலனை நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற குறுஞ்செய்தி பலருக்குப் போனது. கேட்ட கழிவு உண்மையானதாக இருந்தால் ரசீதுகளைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். தவறானதாக இருந்தால், கெடு முடிவதற்குள் திருத்திய கணக்கைக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. ஆடிட்டரோ ஏஜெண்டோ எழுதிய கணக்கானாலும், அதற்குப் பொறுப்பு அதில் பெயர் உள்ளவர்தான்.

விரிவான ஆய்வு நிலுவையில் இருக்கும்போதும் அதிகாரி ரீஃபண்டை நிறுத்தி வைக்கலாம். அதற்குக் காரணத்தை எழுதிப் பதிவுசெய்து, முதன்மை ஆணையர் அல்லது ஆணையரின் ஒப்புதலைப் பெற வேண்டும். 'டிரான்ஸ்ஃபர்டு டு அசெஸ்ஸிங் ஆபீசர்' என்ற தகவல் வந்தால், கணக்கு பெங்களூரிலிருந்து உரிய வட்டார அதிகாரிக்கு மாறியிருக்கிறது. இனிக் கேட்க வேண்டிய இடமும் அதுதான். பான் எண்ணைக் கொடுத்து அந்த அதிகாரி யார், எந்த வார்டு என்று தளத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

வங்கி வாசலில் நின்றுபோகும் பணம்

தொகை முடிவானதும் பணம் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா வழியாக அனுப்பப்படுகிறது. 2007இல் தொடங்கிய ரீஃபண்ட் பேங்கர் திட்டத்தின்படி இந்தப் பணி அந்த வங்கிக்கு உரியது. 'சென்ட் டு ரீஃபண்ட் பேங்கர்' என்றால் பணம் அங்கே போய்விட்டது. 'ரீஃபண்ட் இஷ்யூட்' என்றான பிறகு பாஸ்புக்கில் பார்த்தால், 'ஐ.டி. டாக்ஸ் ரீஃபண்ட்' என்பது போன்ற குறிப்போடு மதிப்பீட்டு ஆண்டும் சேர்த்து வரவு வைத்திருப்பார்கள்.

முன்பு சிலருக்குக் காசோலையாகவும் வந்தது. 2019 மார்ச் 1 முதல், பான் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே ரீஃபண்ட் போகிறது. அந்தக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து, 'வேலிடேட்டட்' என்ற நிலைக்குக் கொண்டுவந்து, ரீஃபண்டுக்கு உரியதாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று வரும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்து முழுப்பெயராக எழுத வேண்டும். வங்கியிலோ பல ஆண்டுகளுக்கு முன் கணக்குத் தொடங்கியபோது 'எஸ். முத்துலட்சுமி' என்று கொடுத்திருப்பார்கள். பான் அட்டையில் அவரே 'முத்துலட்சுமி சுப்பிரமணியன்' ஆக இருப்பார். திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்திருந்தால் மூன்றாவது பெயர் ஒன்றும் உருவாகிவிடும். கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். வங்கிக் கிளையில் பான் நகலைக் கொடுத்துப் பெயரைப் பான் படி மாற்றிக்கொண்டு, தளத்தில் மறுபடி சரிபார்த்தால் சிக்கல் தீரும்.

வங்கி இணைப்புகள் இன்னொரு காரணம். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. அதே ஆண்டு நவம்பரில் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. இத்தகைய இணைப்புகளுக்குப் பின் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறின. பழைய குறியீட்டையே வைத்திருக்கும் கணக்குக்குப் பணம் போய்ச் சேராது. மூடிவிட்ட கணக்கும் அப்படியே. சரிசெய்த பிறகு, 'சர்வீசஸ்' தலைப்பின் கீழ் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' என்ற இடத்தில் மறுபடி அனுப்பச் சொல்லிக் கோரிக்கை வைக்க வேண்டும். கோரிக்கை வைக்காத வரை பணம் அங்கேயே நிற்கும்.

ஆதாரோடு இணைக்காத பான் எண் 2023 ஜூலை 1 முதல் செயலற்றதாகக் கருதப்படுகிறது. செயலற்ற பானுக்கு ரீஃபண்ட் வழங்கப்படாது. அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைத்த பிறகே பணம் நகரும். 80 வயது நிறைந்தவர்கள், வெளிநாடுவாழ் இந்தியர்கள் போன்ற சிலருக்கு இந்த இணைப்பிலிருந்து விலக்கு உண்டு.

தாமதத்துக்கு வட்டி

ரீஃபண்டுக்குத் துறை வட்டி தர வேண்டும் என்கிறது 244ஏ பிரிவு. மாதத்துக்கு அரை சதவீதம். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கொள்ளப்படும். டி.டி.எஸ்., முன்வரி ஆகியவற்றிலிருந்து வரும் ரீஃபண்டுக்கு, கெடுவுக்குள் கணக்கு கொடுத்திருந்தால் மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதலும், பிந்திக் கொடுத்திருந்தால் கொடுத்த நாள் முதலும் கணக்கிடுவார்கள்.

ஓர் உதாரணம். திருச்சியில் வசிக்கும் ஓய்வூதியர் ஒருவருக்கு 2024-25இல் ஓய்வூதியம் 2,40,000 ரூபாய், வைப்புத்தொகை வட்டி 1,80,000 ரூபாய். 15எச் கொடுக்காததால் வட்டியில் 18,000 ரூபாய் பிடிக்கப்பட்டது. மொத்த வருமானம் 4,20,000. புதிய வரிமுறையில் அந்த ஆண்டு 7 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருந்ததால் வரி எதுவும் இல்லை. 18,000 ரூபாயும் திரும்ப வர வேண்டும். கெடுவுக்குள் தாக்கல் செய்து, 2025 நவம்பர் 10 அன்று ரீஃபண்ட் வந்தால், ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதங்கள். மாதம் 90 ரூபாய் வீதம் வட்டி 720 ரூபாய். மொத்தம் 18,720 ரூபாய் வரவாகும். இந்த 720 ரூபாய், அது கைக்கு வந்த ஆண்டின் 'பிற வருமானம்'. அதை அடுத்த கணக்கில் காட்ட வேண்டும்.

ரீஃபண்ட் தொகை, முடிவான வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டி இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரிக்கு 8,000 ரூபாய் ரீஃபண்ட் வந்தால் அந்த 8,000 மட்டுமே கிடைக்கும். கணக்குக் கொடுத்தவரால் ஏற்பட்ட தாமதத்துக்கும் வட்டி கழிக்கப்படும். தவறுதலாகக் கூடுதல் ரீஃபண்ட் வந்து, பின்னர் முறையான மதிப்பீட்டில் அது தெரியவந்தால், அந்தக் கூடுதல் தொகைக்கு அதே அரை சதவீத விகிதத்தில் துறைக்கு வட்டி கட்ட நேரிடும்.

கேட்பது யாரிடம்?

143(1) கடிதத்தில் துறை செய்த பிழை தெளிவாகத் தெரிந்தால் 154ஆம் பிரிவின் கீழ் திருத்தக் கோரிக்கை கொடுக்கலாம். வரி பிடித்தவர் அறிக்கையைத் திருத்திய பிறகு கணக்கை மறுபடி பரிசீலிக்கச் சொல்வதற்கும் இதே வழிதான். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை இதற்கு இடமுண்டு. பதிலே இல்லாதபோது தளத்தின் 'கிரீவன்ஸ்' பகுதியில் ஒப்புகை எண்ணோடு புகார் பதிவுசெய்யலாம். மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளமும் வருமான வரிப் புகார்களை ஏற்கிறது. 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் நிலையை விசாரிக்கலாம்.

கெடு முடிந்து கணக்கே கொடுக்காமல் விட்டவருக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. உண்மையான சிரமத்தால் தவறவிட்டதாகக் காட்டி, 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தைப் பொறுக்கும்படி விண்ணப்பிக்கலாம். அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்று 2024 அக்டோபரில் வெளியான சுற்றறிக்கை வரையறுத்தது. கடைசித் தேதிக்குப் பிந்தித் தாக்கல் செய்தால் ரீஃபண்டே இல்லை என்ற விதி, புதிய சட்டத்தின் முதல் மசோதாவில் இருந்தது. நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை நீக்கப் பரிந்துரைத்தது. நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை.

போலித் தகவல்கள்

ரீஃபண்ட் காலத்தில் மோசடிக்காரர்களும் சுறுசுறுப்பாகிவிடுகிறார்கள். 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது, வங்கிக் கணக்கு எண்ணை உறுதிசெய்யவும் என்று ஓர் இணைப்போடு 2023இல் பரவிய செய்தி போலியானது என மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. துறை ஒருபோதும் குறுஞ்செய்தி வழியாகவோ தொலைபேசியிலோ ஏ.டி.எம். பின் எண்ணையும், அட்டை விவரங்களையும், ஓ.டி.பி.யையும் கேட்பதில்லை. வங்கிக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், தளத்தின் முகவரியைத் தானே தட்டச்சு செய்து உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டும். செய்தியில் வந்த இணைப்பைத் தொடக் கூடாது. 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தளத்தின் முகப்பில் கொடுத்தால் கடிதம் உண்மையானதா என்று தெரிந்துவிடும்.

கணக்கு சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, வங்கிக் கணக்கு 'வேலிடேட்டட்' நிலையில் இருக்கிறதா, 'பெண்டிங் ஆக்ஷன்ஸ்' பகுதி காலியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வது போதும். மூன்றும் சரியாக இருந்தால் பொறுத்திருக்கலாம். அந்தக் காலத்துக்குப் பெரும்பாலும் வட்டியும் உண்டு. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே பதில் போட்டுவிடுங்கள்.